கல்யாணம் ஆகிடுச்சா? உங்க பி.எஃப் நாமினேஷன் செல்லாது பாஸ்!

முதல் வேலையில் சேர்ந்த நாள் ஞாபகம் இருக்கா? ஹெச்.ஆர் ஒரு கட்டு ஃபார்மைக் கையில் கொடுத்து, "டிக் போட்ட இடத்துல எல்லாம் சைன் பண்ணுங்க" என்றிருப்பார். அதில் ஒரு ஃபார்மில் 'நாமினி' என்று ஒரு கட்டம். பெரிதாக யோசிக்காமல் அம்மா பெயரை எழுதியிருப்பீர்கள். உறவு: தாய். பங்கு: 100%. அத்தோடு மறந்தும் போயிருப்பீர்கள்.

சில வருடம் கழித்து கல்யாணம். மண்டபம், போட்டோகிராஃபர், ஹனிமூன் டிக்கெட் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள். ஆனால், அந்த ஃபார்ம் மட்டும் அப்படியே கிடக்கிறது. விஷயம் என்னவென்றால், நீங்கள் தாலி கட்டிய அன்றே, அல்லது கட்டிக்கொண்ட அன்றே, அது வெறும் காகிதமாகிவிட்டது!

'அதெப்படி, நான்தானே எழுதிக் கொடுத்தேன்... நான் மாத்துற வரைக்கும் செல்லும்தானே?' என்று நினைக்கிறீர்களா? இல்லை. 1952-ம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதித் திட்டத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. திருமணம் ஆனதும் உறுப்பினர் புதிதாக நாமினேஷன் கொடுக்க வேண்டும். திருமணத்துக்கு முன்பு கொடுத்தது செல்லாததாகவே கருதப்படும். ஆண், பெண் இருவருக்கும் இதே விதிதான்.

சுப்ரீம் கோர்ட் வரை போன ஒரு ஃபார்ம்

'இதுக்கெல்லாமா சண்டை வரும்' என்று தோன்றினால், இந்த வழக்கைப் பாருங்கள்.

மத்திய அரசின் பாதுகாப்புக் கணக்குத் துறையில் 2000-ல் வேலைக்குச் சேர்ந்தார் ஒருவர். அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஜி.பி.எஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக்கு அம்மாவை நாமினியாகப் போட்டார். 2003-ல் திருமணம். குழு காப்பீடு, பணிக்கொடை இரண்டுக்கும் மனைவி பெயரை மாற்றினார். ஜி.பி.எஃப்-ஐ மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார். 2021-ல், பணியில் இருக்கும்போதே இறந்துபோனார்.

மனைவி ஜி.பி.எஃப் பணத்தைக் கேட்டபோது, 'நாமினி அம்மாதான்' என்று பதில் வந்தது. தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று ஏறி இறங்கி, 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிவு வந்தது. திருமணம் ஆனதுமே அம்மா பெயரில் இருந்த நாமினேஷன் செல்லாமல் போய்விட்டது, எனவே அம்மாவுக்குப் பாதி, மனைவிக்குப் பாதி என்றது கோர்ட்.

மகனை இழந்த அம்மாவும் கணவனை இழந்த மனைவியும், சேர்ந்து அழ வேண்டிய நேரத்தில், எதிரெதிர் மனுதாரர்களாக 4 வருடம் நின்றார்கள். அவர் செய்யாமல் விட்டது ஒரு பக்க ஃபார்ம்.

அப்போ அம்மாவுக்கு ஒண்ணும் கிடையாதா?

நிறைய பேர் ஃபார்மை மாற்றத் தயங்குவதே இதனால்தான். 'அம்மா பேரை எடுத்துட்டு பொண்டாட்டி பேரைப் போட்டேன்னு தெரிஞ்சா வீட்டுல என்ன நடக்கும்?'

நல்ல செய்தி... அம்மா பெயரை எடுக்கவே தேவையில்லை. பி.எஃப் விதிகளில் 'குடும்பம்' என்பதற்குள் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், உங்களைச் சார்ந்து வாழும் பெற்றோர் எல்லோருமே வருகிறார்கள். பெண்ணாக இருந்தால், கணவரைச் சார்ந்து வாழும் மாமனார், மாமியாரும் உண்டு. இவர்களில் யாருக்கு எத்தனை சதவிகிதம் என்று நீங்களே பிரிக்கலாம். மனைவிக்கு 60, அம்மாவுக்கு 40 என்றுகூடப் போடலாம். கல்யாணமான பெண்ணும் தன்னைச் சார்ந்திருக்கும் அப்பா, அம்மாவுக்குப் பங்கு எழுதலாம். 'கட்டிக்கொடுத்தாச்சு, இனி அவ பணத்துல நமக்கென்ன' என்பதெல்லாம் ஊர்ப் பேச்சு; சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இந்தப் பட்டியலில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை கிடையாது. பேச்சிலராக இருந்தபோது தம்பி பெயரைப் போட்டிருந்தால், கல்யாணத்துக்குப் பிறகு அவரை நாமினியாக வைத்திருக்க முடியாது.

செல்லுபடியாகும் நாமினேஷனே இல்லாமல் ஒருவர் இறந்தால், பணம் குடும்பத்தினருக்குச் சமமாகப் பிரிக்கப்படும். மேஜரான மகன்களுக்கும், கணவர் உயிரோடிருக்கும் திருமணமான மகள்களுக்கும் அப்போது பங்கு கிடையாது. பிரித்துக் கொடுப்பதற்குள், யார் சார்ந்து வாழ்ந்தார், யாரிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது என்று ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருக்கும்.

பி.எஃப்-உடன் இன்னொன்றும் இருக்கிறது. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை தரும் இ.டி.எல்.ஐ காப்பீடு. அதுவும் பி.எஃப் நாமினிக்குத்தான் போகும். ஆக, ஒரு ஃபார்ம் இரண்டு தொகைகளைத் தீர்மானிக்கிறது.

பென்ஷன் கதை வேற!

பி.எஃப் பணத்தை யாருக்கு என்று நீங்கள் எழுதலாம். ஆனால், இ.பி.எஸ் எனப்படும் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. மனைவி அல்லது கணவன் இருந்தால் பென்ஷன் அவருக்குத்தான். கூடவே பிள்ளைகளுக்கு. அம்மாவுக்கு எழுதிவைக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்பு வேறு ஒருவரை நியமித்திருந்தாலும், குடும்பம் வந்ததும் அது ரத்து.

எவ்வளவு வரும்? உங்கள் நிறுவனம் போடும் 12 சதவிகிதத்தில் 8.33 சதவிகிதம் இந்தப் பென்ஷனுக்குப் போகிறது. 2014 செப்டம்பர் முதல் இதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். பென்ஷனுக்கான சம்பளத்தை, பணிபுரிந்த வருடங்களால் பெருக்கி, 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன்.

உதாரணமாக, 25 வயதில் சேர்ந்து 58-ல் ஓய்வு பெற்றால் 33 வருடம். 20 வருடத்துக்கு மேல் பணியாற்றியவர்களுக்கு 2 வருடம் போனஸ். மொத்தம் 35. இதே உச்சவரம்பு தொடர்ந்தால் மாதம் 7,500 ரூபாய். ஓய்வுக்குப் பிறகு அவர் இறந்தால், வாழ்க்கைத்துணைக்கு அதில் பாதி, 3,750 ரூபாய். இன்றைய வீட்டு வாடகைக்கே போதாத தொகைதான். 'எனக்கு அப்புறம் பென்ஷன் வரும், அவ பாத்துப்பா' என்று இதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

பணியில் இருக்கும்போதே இறந்தால், 10 வருட சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே துணைக்குப் பென்ஷன் உண்டு. குறைந்தபட்சம் 1,000 ரூபாய். பிள்ளைகளுக்கு 25 வயது வரை, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு, துணையின் பென்ஷனில் தலா 25 சதவிகிதம். துணை மறுமணம் செய்துகொண்டால் அவருடைய பென்ஷன் நின்றுவிடும். ஆனால், பிள்ளைகளின் பங்கு 75 சதவிகிதமாக உயரும்.

ஒரு முக்கியமான செக்! 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்து, அப்போதே பேசிக்கும் டி.ஏ-வும் சேர்ந்து 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தால் நீங்கள் இந்தப் பென்ஷனிலேயே இல்லை. பி.எஃப் பாஸ்புக்கில் பென்ஷன் காலத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் என்றால், முழுப் பணமும் பி.எஃப்-க்குப் போகிறது என்று அர்த்தம். அப்போது நாமினேஷன் இன்னும் முக்கியம்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு

மத்திய அரசின் பழைய ஓய்வூதியத்தில், குடும்ப ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம். குறைந்தபட்சம் 9,000 ரூபாய். கணவன், மனைவி இருவருமே அரசு ஊழியர்கள் என்றால், ஒருவர் மறைந்த பிறகு மற்றவர் தன் பென்ஷனோடு குடும்ப ஓய்வூதியத்தையும் சேர்த்தே வாங்கலாம். ஓய்வு பெற்ற பிறகு திருமணம் செய்தவரின் துணைக்கும் இதில் உரிமை உண்டு.

2025 ஏப்ரலில் வந்த யு.பி.எஸ் எனும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் துணைக்கு 60 சதவிகிதம். தொகை நன்றாக இருக்கிறது. ஆனால், ஓய்வு பெறும் நாளில் சட்டப்படி துணையாக இருந்தவருக்குத்தான் அது கிடைக்கும். அதாவது, எந்தத் தேதியில் கல்யாணம் என்பதே இங்கே தீர்மானிக்கிறது.

என்.பி.எஸ் வைத்திருப்பவர்களும் திருமணத்துக்குப் பிறகு புது நாமினேஷன் கொடுக்க வேண்டும். பணிக்கொடைக்கும் அப்படித்தான்.

சேர்ந்து வாழ்கிறோம்... பிரிந்து வாழ்கிறோம்...

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணை, எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும், பி.எஃப் விதிகளின் 'குடும்பம்' பட்டியலில் இல்லை.

மறுபக்கம், பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்துத் தீர்ப்பு வரும் வரை அவர்தான் சட்டப்படி துணை. இதில் பெண்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பி.எஃப் ஆணையருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவித்து, கணவரைக் 'குடும்பம்' என்ற வரையறையிலிருந்து விலக்கலாம். ஆண்கள் மனைவியை இப்படி எளிதாக விலக்க முடியாது. அவருக்கு ஜீவனாம்ச உரிமையே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2024 ஜனவரியில் ஒரு மாற்றம் வந்தது. விவாகரத்து வழக்கோ, கணவர் மீது குடும்ப வன்முறை வழக்கோ நிலுவையில் இருந்தால், கணவருக்கு முன்பாகப் பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்குமாறு அவர்கள் கோரலாம்.

10 நிமிஷ வேலை

போன் கையில்தானே இருக்கிறது, இன்றைக்கே செய்துவிடலாம்.

1. பி.எஃப் உறுப்பினர் தளத்தில் உங்கள் யு.ஏ.என் எண் போட்டு லாகின் செய்யுங்கள். ஆதார் இணைந்திருக்க வேண்டும். உங்கள் போட்டோ ஏறியிருக்க வேண்டும்.

2. 'மேனேஜ்' மெனுவில் 'இ-நாமினேஷன்' இருக்கும். குடும்பம் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'யெஸ்' கொடுத்து ஒவ்வொருவரையும் சேருங்கள். அவர்களின் ஆதார் எண், பிறந்த தேதி, போட்டோ கைவசம் இருக்கட்டும்.

3. யாருக்கு எத்தனை சதவிகிதம் என்று போடுங்கள். கூட்டினால் 100 வர வேண்டும்.

4. ஆதார் ஓ.டி.பி மூலம் இ-சைன் செய்யுங்கள். பலர் 'சேவ்' கொடுத்ததோடு விட்டுவிடுகிறார்கள். இ-சைன் ஆகவில்லை என்றால் நாமினேஷனும் ஆகவில்லை. ஆபீஸ் அனுமதி எதுவும் தேவையில்லை.

5. திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம். 90 நாள்களுக்குள் செய்ய வேண்டும். நாளைக்குப் பென்ஷன் கேட்டு நிற்கும்போது கல்யாண ஆல்பத்தைவிட அந்தச் சான்றிதழ்தான் உதவும்.

குழந்தை பிறந்தால், விவாகரத்து ஆனால், குடும்பத்தில் ஒருவர் இறந்தால்... இதே பக்கத்துக்கு இன்னொரு தடவை வாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஃபார்மை நிரப்பிய பிறகு அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொல்லிவிடுங்கள். "உனக்கு இவ்வளவு, அம்மாவுக்கு இவ்வளவுன்னு எழுதியிருக்கேன்." கேட்டதும், "இப்ப எதுக்குடா இந்த அபசகுனப் பேச்சு?" என்று அம்மா திட்டுவார். திட்டட்டும். நாளைக்கு அவரும் உங்கள் துணையும் கோர்ட் வாசலில் எதிரெதிரே நிற்காமல் இருக்க, இன்றைக்கு ஒரு திட்டு வாங்கிக்கொள்ளலாம்தானே!