புள்ளிகள் வரைந்த புவித்தட்டு

நியாலாஸ் செம்பனைத் தோட்டங்களுக்குக் கிழக்கே 1,276 மீட்டர் உயரத்தில் லேடாங் மலை நிற்கிறது. அதை யாரும் பார்க்கலாம். மேற்கே, மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமாத்ராவுக்கு அடியில் ஒரு மாபெரும் பாறைத்தட்டு சரிந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அதை எந்தக் கண்ணும் கண்டதில்லை. ஆனால், வண்ணப் பென்சில் பிடிக்கத் தெரிந்த பிள்ளை அதை வரைந்துவிடும்!

1969-இல் முவாவியா பரசாங்கியும் ஜேம்ஸ் டோர்மனும் ஓர் உலக வரைபடம் வெளியிட்டார்கள். 1961 முதல் 1967 வரை பதிவான நிலநடுக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எல்லைக்கோடு எதையும் அவர்கள் போடவில்லை. புள்ளிகளே மெல்லிய பட்டைகளாகக் கோத்துக்கொண்டு, பூமியின் ஓடு எங்கெங்கே துண்டுபட்டிருக்கிறது என்று காட்டிவிட்டன. அந்தத் துண்டுகளே புவித்தட்டுகள்.

சுமாத்ராவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 70 கிலோமீட்டர் ஆழத்துக்குள் நடந்த அதிர்வுக்குச் சிவப்பு, அதற்குக் கீழே பச்சை. மெந்தாவாய்த் தீவுகளை ஒட்டிச் சிவப்பு மொய்க்கும். எரிமலை வரிசையை நெருங்க நெருங்கப் பச்சை தலைகாட்டும். அங்கே ஆழம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இன்னும் கிழக்கே, நம் பக்கமாக வர வர, புள்ளிகள் மேலும் ஆழத்துக்குப் போகும். தட்டு சாய்ந்து இறங்கும் இப்படிப்பட்ட இடத்தை அமிழ்வு மண்டலம் என்பார்கள். ஆண்டுக்கு ஒரு தீக்குச்சி நீளம், அல்லது சற்றே கூடுதலாக, இந்தியப் பெருங்கடலின் தரை இங்கே நம்மை நோக்கி வருகிறது.

அத்தனை ஆழத்தை எப்படி அளந்தார்கள்? ஒரு நிலநடுக்கத்திலிருந்து இரண்டு வகை அலைகள் பூமிக்குள் பாய்கின்றன. ஒன்று முந்தும், மற்றது பிந்தும். அந்த இடைவெளியே தூரத்தைச் சொல்லிவிடும். பல நிலையங்களின் நேரங்களைப் பொருத்திப் பார்த்தால் ஆழமும் பிடிபடும்.

புள்ளிகளோடு, நிலம் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும் அம்புக்குறிகளையும் சேர்த்தால் படம் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் லங்காவித் தீவு சுமார் 17 சென்டிமீட்டர் மேற்குப்பக்கமாக நகர்ந்ததைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. தீபகற்பத்தின் தெற்கே வர வர அம்பு சிறுத்துவிடுகிறது.

ஆசிரியர்களே, அச்சிட்ட படத்தைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்கப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இடமும் ஆழமும் அதிலேயே உண்டு. சுமாத்ரா வரைபடத்தையும் இரண்டு பென்சில்களையும் பிள்ளைகளிடம் கொடுங்கள்.