சொன்னால் மட்டும் போதுமா?

தொடர்பாடல் என்றதும் நன்றாகப் பேசுவதையே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் தொழில் நிலையங்களில் ஏற்படும் நட்டங்களைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். சொன்னவர் ஒன்றை எண்ணிச் சொல்ல, கேட்டவர் வேறொன்றை விளங்கிக்கொண்டதே பல சந்தர்ப்பங்களில் காரணமாக இருக்கும்.

விமானத்துறையில் இதற்கொரு துயரமான உதாரணம் உண்டு. 1990 ஜனவரி 25ஆம் திகதி கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் சென்ற அவியங்கா 52 விமானம், மோசமான காலநிலை காரணமாக ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க நேர்ந்தது. தரையிறங்க எடுத்த முதல் முயற்சியும் தவறியது. அவசர நிலைமை என்று அறிவிக்கும்படி விமானி பணித்தார். துணை விமானியோ எரிபொருள் தீர்ந்து வருவதாக மட்டுமே கட்டுப்பாட்டாளரிடம் கூறினார். 'அவசரம்' என்ற சொல் போய்ச் சேரவில்லை; கட்டுப்பாட்டாளர்களும் விமானத்தை வழமைபோலவே சுற்றிவர அனுப்பினர். அறிவித்தாயிற்றா என்று விமானி கேட்டபோது, 'ஆம்' என்றே பதில் வந்தது. சற்று நேரத்தில் எஞ்சின்கள் நின்று விமானம் வீழ்ந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் உயிரிழந்தனர்.

இங்கே எவரும் பேசாமல் இருக்கவில்லை. பேசியது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் ஆளில்லை. நமது கடைக்கும் காரியாலயத்துக்கும் இதில் மூன்று பாடங்கள் உள்ளன.

1. முக்கியமானதை மழுப்பாதீர்கள்

"சரக்குக் கொஞ்சம் குறைவு முதலாளி" என்பதை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். "இரண்டு நாளைக்குத்தான் காணும், இன்றைக்கே ஓடர் கொடுக்க வேண்டும்" என்றால் வேலை நடக்கும். எவ்வளவு, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் செய்தியில் இருக்கட்டும்.

2. திருப்பிச் சொல்லச் செய்யுங்கள்

"விளங்கிச்சா?" என்று கேட்டால் விளங்காதவரும் "ஓ" என்பார். விமானிகள் முக்கிய அறிவுறுத்தல்களைத் திருப்பிச் சொல்லியே ஏற்கிறார்கள். புறக்கோட்டை மொத்தக் கடைக்குத் தொலைபேசியில் ஓடர் கொடுக்கும்போது இருபது என்பது அறுபதாகக் கேட்கலாம். "இரண்டு, பூச்சியம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அரை நிமிடம்தான் செலவாகும்.

3. முழுமையாகச் செவிமடுங்கள்

அமெரிக்க உளவியலாளர்களான கார்ல் ரொஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் இதனை விரிவாக விளக்கினர். சொற்களோடு, சொல்பவரின் உணர்வையும் சேர்த்துக் கேட்பதே உண்மையான செவிமடுத்தல் என்பது அவர்களது கருத்து. ஊழியர் தயங்கித் தயங்கிப் பேசினால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "இது எவ்வளவு அவசரம்?" என்று கேளுங்கள். கெட்ட செய்தி கொண்டுவருபவர் மீது எரிந்து விழுந்தால், அடுத்த முறை அவர் அதை மென்மையாக்கியே கொண்டுவருவார், அல்லது கொண்டுவரவே மாட்டார். அதன் நட்டம் முதலாளிக்குத்தான்.

நாளைக் காலை நீங்கள் கொடுக்கும் முதல் வேலையிலேயே இதைப் பரீட்சித்துப் பாருங்கள். கேட்டவர் திருப்பிச் சொல்வது நீங்கள் சொன்னதுதானா என்று கவனியுங்கள்.