மாற்றத்தகும் சில்லும் மறைத்துவைத்த திறவுகோலும்

கணினிச் சில்லை ஒரு முறை வார்த்துவிட்டால் அதன் உள்ளமைப்பை எவராலும் மாற்ற இயலாது என்பது பொதுவான எண்ணம். இதற்கு விலக்காக உள்ளது 'எப்.பி.ஜி.ஏ.' என்னும் சில்லு. அச்சுக்கூடம் அறிந்த வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. சாதாரணச் சில்லு, செதுக்கிய பிளாக்கைப் போன்றது. ஒரு படத்திற்கு மட்டுமே உதவும். இதுவோ கோத்த அச்செழுத்துக்களைப் போன்றது. இன்றைய பக்கத்தைப் பிரித்து, அதே எழுத்துக்களை நாளைய பக்கத்திற்குக் கோக்கலாம். சில்லுக்கு மின்சாரம் வந்ததும் ஒரு கட்டளைக் கோப்பு உட்புகுந்து, எந்தக் கட்டம் என்ன வேலை செய்ய வேண்டும், எதனோடு எது இணைய வேண்டும் என்று நிர்ணயிக்கிறது. கோப்பை மாற்றினால் யந்திரமே மாறிவிடும்.

1960-ல் ஜெரால்ட் எஸ்ட்ரின் என்னும் அமெரிக்க அறிஞர் இத்தகைய கணினியைப் பற்றி எழுதினார். 1985-ல் ஜைலிங்க்ஸ் கம்பெனி 64 கட்டங்கள் கொண்ட முதற் சில்லை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2014-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி 1,632 சர்வர்களில் இவ்வகைச் சில்லைப் பொருத்திச் சோதித்தது. தேடல் முடிவுகளைத் தரப்படுத்தும் வேலையில் ஒவ்வொரு சர்வரின் திறனும் 95 சதவீதம் பெருகியதாக அறிவித்தது. இதன் பிரயோஜனத்தைப் பற்றி இதற்கு மேல் வாதம் வேண்டியதில்லை.

ஆனால் நாம் கேட்க விரும்புவது வேறு. எழுத்துக்களை விலைக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியின் எந்த அறையில் எந்த எழுத்து இருக்கிறது என்பதை மறைத்து வைத்தால், அதை வாங்கியவன் சுதந்திரமுள்ளவனா? பெரிய கம்பெனிகள் செய்வது இதுதான். கட்டளைக் கோப்பின் எந்தக் குறி எதைக் குறிக்கிறது என்பதை அவை வெளியிடுவதில்லை. அவர்கள் தரும் மென்பொருளின் வழியாகவே கோக்க வேண்டும். தொழில் ரகசியம் என்பார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த ரகசியத்தின் பளுவைச் சுமப்பவன் வாங்குகிறவனே அன்றோ?

சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் 'சக்தி' என்ற பிராஸஸரைத் தாமே வடித்து, அதன் வரைவை எல்லோரும் காண வெளியிட்டிருக்கிறார்கள். மிகவும் பாராட்டத்தக்க காரியம். ஆனால் அதை வார்ப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்க மாணவன் கையில் எடுப்பது ஜைலிங்க்ஸ் சில்லு ஏறிய பலகையைத்தான். அந்தக் கம்பெனியோ 2022-ல் ஏ.எம்.டி.யின் உடைமையாயிற்று. திறந்த வரைவு, பூட்டிய பலகையில் ஓடுகிறது!

இந்தப் பூட்டு திறக்க முடியாததன்று. 2015-ல் கிளேர் வுல்ஃப் என்பவரும் துணைவர்களும், லாட்டிஸ் கம்பெனியின் ஒரு சிறிய சில்லின் குறிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து அறிந்து, எவரும் பயன்படுத்தத்தக்க இலவசக் கருவிகளை அளித்தார்கள். பெரிய சில்லுகளில் இம்முயற்சி இன்னும் முழுமை பெறவில்லை. வேகத்திலும் கம்பெனிக் கருவிகளே பெரும்பாலும் முன் நிற்கின்றன. ஆதலால் அவற்றை இன்றே கைவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பொறியியற் கல்லூரிகளில் முதற் பாடத்தையாவது திறந்த கருவிகளில் தொடங்கலாம். பொதுப் பணத்தில் பலகைகள் வாங்கும்போது, குறிகளின் விளக்கம் கிடைக்குமா என்று டெண்டரில் ஒரு வரி கேட்கலாம்.