ஆழிப்பேரலையும் எச்சரிக்கைச் சங்கிலியும்

2004 டிசம்பர் 26 அன்று, இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு, சுமத்ராத் தீவின் கரையருகே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் முதல் அதிர்வலைகள் நான்கைந்து நிமிடங்களில் சென்னையை எட்டிவிட்டன. நகரில் பலர் அதிர்வை உணரவும் செய்தனர். ஆழிப்பேரலையோ (சுனாமி) சென்னைக் கரையை அடையச் சுமார் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இவ்வளவு அவகாசம் இருந்தும் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். இந்துமாக்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் மொத்தம் 2,20,000-க்கும் அதிகமானோர் இறந்தனர். அந்த அவகாசம் ஏன் வீணாயிற்று? அது மீண்டும் வீணாகாதிருக்க உலக நாடுகள் என்ன செய்துள்ளன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அலை வரும் வேகம்

சுமத்ராவுக்கு மேற்கே ஒரு புவித்தட்டு மற்றொன்றின் அடியில் மெல்லச் செருகிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலம் சிக்கிக் கிடந்த அந்த இணைப்பு அன்று சுமார் 1,300 கி.மீ. நீளத்திற்குப் பிளந்து நழுவியது. கடற்படுகை உயர்ந்ததால் அதன் மேலிருந்த நீர் முழுவதும் உயர்ந்தது. இதுவே பேரலையாகப் பரவியது.

சாதாரணக் கடல் அலை நீரின் மேற்பகுதியை மட்டுமே அசைக்கிறது. ஆழிப்பேரலையின் அலைநீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதனுடன் ஒப்பிட்டால் 4 கி.மீ. ஆழமுள்ள கடலும் ஆழமற்றதே. இத்தகைய அலையின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தைக் கடலின் ஆழத்தால் பெருக்கிக் கிடைக்கும் எண்ணின் வர்க்கமூலத்திற்குச் சமம். மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆழம் 4,000 மீட்டர் எனில் வேகம் விநாடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கி.மீ.க்கும் மேல். ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் மணிக்குச் சுமார் 36 கி.மீ. ஆகிவிடுகிறது. முன்பகுதி வேகம் குறைய, பின்பகுதி விரைந்து வந்து நெருக்குகிறது, அலை உயர்கிறது. நடுக்கடலில் அன்று ஒரு செயற்கைக்கோள் அளந்த அலையின் உயரம் சுமார் 60 செ.மீ. மட்டுமே. படகில் இருந்தவர்கள் அதனை அறிந்திருக்கவும் முடியாது.

ஒரு கடலில் இருந்தது, மறு கடலில் இல்லை

1946இல் அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளருகே எழுந்த பேரலை, ஹவாயில் 150-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எனவே 1949இல் அங்கு ஓர் எச்சரிக்கை நிலையம் அமைக்கப்பட்டது. 1960இல் சிலியில் எழுந்த அலை பசிபிக்கைக் கடந்து, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து ஜப்பானிலும் உயிர்களைப் பறித்தது. ஒரு நாடு தனித்து நின்று இதனைச் சமாளிக்க முடியாது என்பது தெளிவாயிற்று. 1965இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் பசிபிக் நாடுகளை ஓர் அமைப்பாக இணைத்தது.

2004இல் ஹவாய் நிலையம் சுமத்ரா நிலநடுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே அறிந்தது. ஆனால் இந்துமாக்கடலில் அலை எழுந்ததா என்று காட்டும் கருவி வலை இல்லை. எந்த நாட்டில் யாருக்குச் சொல்வது என்ற ஏற்பாடும் இல்லை.

கருவிகளின் வலை

அடுத்த ஆண்டே அந்த ஆணையம் இந்துமாக்கடலுக்கும் ஓர் அமைப்பை உருவாக்கத் தொடங்கியது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய எச்சரிக்கை மையம் இயங்கலாயிற்று. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் இப்பகுதியின் மற்ற நாடுகளுக்கும் முன்னறிவிப்பு அளிக்கின்றன.

நிலநடுக்கமானிகள் முதல் செய்தியைத் தருகின்றன. ஆழ்கடலின் தரையில் வைக்கப்பட்ட அழுத்தமானிகள் மேலே நீர் சில செ.மீ. உயர்ந்தாலும் கண்டுகொள்கின்றன. அச்செய்தி ஒலியலையாக மிதவைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக மையத்துக்கும் செல்கிறது. வீண் அச்சத்தைத் தவிர்க்கவும் இக்கருவிகள் தேவை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. கடல்மட்ட அளவீடுகள் இதனைக் காட்டியதும் எச்சரிக்கை விலக்கப்பட்டது.

கடைசிக் கண்ணி

எனினும் கருவிகளுக்கும் எல்லை உண்டு. 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலு நகரை அலை சில நிமிடங்களில் தாக்கியது. அந்நாட்டின் மிதவைகளோ பல ஆண்டுகளாகப் பழுதாகிக் கிடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து பேரலையை எழுப்பியது. எச்சரிக்கை எதுவும் வராமல் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிலநடுக்கத்தை மட்டும் நம்பியிருந்த முறை எரிமலைச் சரிவைக் காணவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. சுமத்ராவை அடுத்த சிமலுவே தீவு 2004 நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் உள்ளது. அங்கு 1907இல் ஏற்பட்ட பேரலையின் நினைவைப் பாட்டிமார் பேரக்குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தனர். நிலம் ஆடியதும் மக்கள் மேட்டுக்கு ஓடினர். 70,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் ஏழு பேரே. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவக் கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த செய்தியை ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் வெளியேறித் தப்பினர்.

அதிர்வுமானி, அழுத்தமானி, செயற்கைக்கோள், மையம் என நீளும் சங்கிலியின் கடைசிக் கண்ணி கரையில் நிற்கும் மனிதரே. இதனை உணர்ந்தே இப்போது கிராமங்களுக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. 2020இல் ஒடிசாவின் இரு கடலோரக் கிராமங்கள் யுனெஸ்கோ ஆணையத்தின் சான்று பெற்றன.

கரையோர மாணவர்கள் மூன்று செய்திகளை வீட்டாருக்கும் சொல்லலாம். நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேடான இடத்துக்குச் செல்ல வேண்டும். கடல் உள்வாங்காமலே அலை வருவதும் உண்டு. முதல் அலையே பெரியது என்பதில்லை; எனவே சில மணி நேரத்துக்குக் கரைக்குத் திரும்பலாகாது.