ஆடி வரட்டும், பார்க்கலாம்

திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அண்ணாச்சியின் டிடிபி கடை. அங்கே விண்டோஸ் மாற்றுவதற்கென்று ஒரே ஒரு மாதம்தான் உண்டு: ஆடி. முகூர்த்தம் கிடையாது, அதனால் பத்திரிகை வேலையும் கிடையாது. அதிலும் முதல் இரண்டு வாரம்தான். ஆடிப்பெருக்கு தாண்டினால் ஆவணிக் கல்யாணக்காரர்கள் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளோடு வந்து நின்றுவிடுவார்கள். மார்கழியிலும் கல்யாணம் இல்லையே என்றால், தைப் பத்திரிகை எல்லாம் மார்கழியில்தானே அச்சாகிறது? போதாததற்கு காலண்டர் வேலை வேறு.

2003-இல் நான் அங்கே பகுதி நேரமாக டைப் அடிக்கப் போனபோது ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 98. எக்ஸ்பி வெளிவந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ரிச்சி தெருவில் புது சிஸ்டம் அசெம்பிள் பண்ணச் சொன்னால் கேட்காமலே எக்ஸ்பிதான் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் 98 தினமும் ஒரு தடவையாவது நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். பேஜ்மேக்கரில் நாலு வரிக்கு ஒருமுறை சேவ் பண்ணாமல் யாரும் மூச்சுவிட்டதில்லை. இருந்தும் அண்ணாச்சி மாறுவதாக இல்லை.

காரணம், சிபியு-வின் முதுகில் செருகியிருந்த, தீப்பெட்டி அளவிலான ஒரு பிளாஸ்டிக் கட்டை. தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கான லாக் அது. பேரலல் போர்ட்டில் அது இருந்தால்தான் தமிழ் வரும். அதற்குப் பின்னால்தான் பிரிண்டர் கேபிள். விண்டோஸ் 98-இல் எந்த மென்பொருளும் நேராகப் போய் போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்பி வேறு பரம்பரை, என்டி வழி வந்தது. நடுவில் டிரைவர் என்று ஒருவர் உட்காராமல் யாரையும் அந்தப் பக்கம் விடாது. அந்த டிரைவர் வேண்டுமென்றால் மென்பொருளையே புது வெர்ஷனாக வாங்கு என்றார்கள். அதன் விலையைக் கேட்டதும் அண்ணாச்சி, "நீலத் திரைதானே தம்பி, வந்துட்டுப் போகட்டும்" என்றுவிட்டார்.

அந்தக் காலத்தில் எல்லாருக்குமே ஒரு வேதவாக்கு இருந்தது: "சர்வீஸ் பேக் வரட்டும்." முதல் பதிப்பில் ஓட்டை இருக்கும், மற்றவன் போட்டு அடிபடட்டும், அடைத்துக் கொடுத்த பிறகு நாம் போடலாம் என்று கணக்கு. எக்ஸ்பி விஷயத்தில் அந்தக் கணக்கு பலித்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 கிட்டத்தட்டப் புது ஓஎஸ் மாதிரி. ஃபயர்வாலைத் தானே போட்டுவிட்டுத்தான் வந்தது. ஆனால் ஆகஸ்ட் என்றால் ஆவணி வாசல். ஆகவே அடுத்த ஆடி வரை காத்திருந்தோம்.

ஒருவழியாக அண்ணாச்சி அந்தப் புது வெர்ஷனுக்கும் மனம் வைக்க, 2005 ஆடியில் ஃபார்மட் அடித்தோம். அதற்கு முந்தைய மூன்று நாள் பழைய மேட்டர் அத்தனையையும் சிடியில் எழுதி, மேலே மார்க்கரில் 'காதுகுத்து', 'கல்யாணம் - முஸ்லிம்', 'நினைவஞ்சலி' என்று குறித்து அடுக்கினோம். இன்ஸ்டால் ஓடும்போது திரையின் இடது ஓரத்தில் 39 நிமிடம் என்று காட்டியதும், அது 39-லேயே வெகுநேரம் நின்றதும், அண்ணாச்சி ஊதுபத்தி ஏற்றியதும் இன்றும் கண்ணில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் எக்ஸ்பி அசையவே இல்லை. 2007-இல் விஸ்டா வந்தது. பழைய ஸ்கேனர்களை அது சீந்தாது என்று கேள்விப்பட்டதோடு சரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து ஓஎஸ் வாங்கிய டிடிபி கடைகளை அன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். 2008-இல் அசல் அல்லாத எக்ஸ்பிகளின் திரைப்பின்னணியை மைக்ரோசாஃப்ட் கறுப்பாக்கத் தொடங்கியதும், தெருவில் பலர் செய்த முதல் காரியம் அப்டேட்டை நிறுத்தியதுதான். கறுப்புத் திரைக்குப் பயந்து கதவையே திறந்துபோட்டோம் என்பது பின்னால்தான் புரிந்தது.

எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்த நாள் 2014 ஏப்ரல் 8. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 24. நோட்டீஸும் துண்டறிக்கையுமாகக் கடை விடிய விடிய ஓடிய நாட்கள் அவை. எக்ஸ்பி 'இறந்தது' எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாளும் திரையில் அதே பச்சைப் புல்வெளியோடு எழுந்து வேலை பார்த்தது.

தெரிந்தது 2017 மே மாதம். வானாக்ரை என்ற தீநிரல் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலருக்கு பிட்காயின் கேட்டபோது, ஆந்திரப் போலீஸ் கணினிகளே மாட்டிக்கொண்டன. அது நுழைந்த ஓட்டைக்கான ஒட்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆனால் ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு மட்டும். எக்ஸ்பிக்கு ஆபத்து வந்த பிறகுதான் மனமிரங்கிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி செய்த வைத்தியம் எளியது: நெட் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்த எக்ஸ்பியும்தான்.

இன்று கடையில் நாலு சிஸ்டம். மூன்றில் விண்டோஸ் 10. வாடிக்கையாளர் மேட்டரை வாட்ஸப்பில் யூனிகோடில் அனுப்புகிறார். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா இல்லை, அந்தக் கூளம்தான் மிஞ்சும். இருபது வருட மேட்டர் அப்படித்தான் கிடக்கிறது. அதற்காகத்தான் மூலையில் எக்ஸ்பி.

விண்டோஸ் 10-இல் 'எப்போது மாறுவது' என்ற கேள்வியின் பாதியை அதுவே எடுத்துக்கொண்டது. சர்வீஸ் பேக் என்ற பேச்சே போயிற்று. ராத்திரி தானாக இறக்கி, தானாக அணைந்து, காலையில் புது முகத்தோடு நிற்கிறது. 2018 அக்டோபர் அப்டேட் சிலருடைய கோப்புகளை அழித்து, மைக்ரோசாஃப்ட்டே அதை நிறுத்தி வைத்தது நினைவிருக்கலாம். அன்றிலிருந்து அண்ணாச்சி அப்டேட்டைத் தள்ளிப்போடும் பொத்தானைச் செவ்வாய்க்கிழமை விரதம் மாதிரி அனுஷ்டிக்கிறார்.

மிச்சப் பாதிக் கேள்விக்குக் கெடு வைத்துவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது 2025 அக்டோபர் 14. தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு! ஜவுளிக்கடை நோட்டீஸ் குவிந்து கிடக்கும் வாரத்தில் எவன் ஃபார்மட் அடிப்பான்? ஆனால் இந்தத் தடவை அண்ணாச்சிக்குத் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தது. சோதித்தும் பார்த்தோம். மூன்றில் இரண்டு, நான்காம் தலைமுறை ஐ3. ரேம் கூட்டி, எஸ்எஸ்டி போட்டு, குதிரை மாதிரி ஓடுகிறவை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும் என்று திரை மறுத்தது. அன்று லாக்குக்குப் பயந்து நாங்கள் விண்டோஸை வேண்டாமென்றோம். இன்று விண்டோஸ் எங்கள் சிஸ்டத்தை வேண்டாமென்கிறது. பழுது ஒன்றுமில்லாத இரண்டு கணினிகளைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்வது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் பண்ணினால் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் கிடைக்கும் என்றேன். மூன்றிலும் பதிந்து கொடுத்தேன்.

"எதுவரைக்கும் தம்பி?"

"அடுத்த வருஷம் அக்டோபர் 13 வரைக்கும், அண்ணாச்சி."

சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார். விரலை மடக்கினார்.

"அதுக்குள்ள ஒரு ஆடி வருதுல்லா?"