பூந்தொட்டியின் கனம்

2014 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோவில் கேம் உருவாக்குநர்களின் மாநாடு நடந்தது. அங்கே பேச வந்த கேம் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா ஒரு பூந்தொட்டியைப் பற்றிச் சொன்னார். ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ என்ற ஆன்லைன் கேமில் சும்மா கிடந்த அலங்காரத் தொட்டி அது. அதை யாரும் எடுக்கப்போவதில்லை, உடைக்கப்போவதில்லை, நின்று பார்க்கப்போவதுகூட இல்லை. ஆனால் அந்தத் தொட்டியில் சுமார் 1,000 பாலிகன்கள் இருந்தன. அதற்கென்று 150 வரி ஷேடர் நிரலும் எழுதப்பட்டிருந்தது. விளையாடுகிறவர் பார்த்துப் பார்த்து உருவாக்கிய கதாபாத்திரத்துக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

திரையில் தெரியும் எந்தப் பொருளும் சின்னஞ்சிறு பலகோணத் துண்டுகளால் ஆனது. அவைதான் பாலிகன்கள். அவற்றின் மேல் ஒளி எப்படி விழுகிறது, எந்த நிறம் தெரிகிறது என்று புள்ளி புள்ளியாகக் கணக்கிடும் குட்டி நிரல்தான் ஷேடர். நொடிக்கு 30 படங்கள் வேண்டுமென்றால், ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது 33 மில்லி நொடி. அதற்குள் வானம், மண், மரம், எதிரி, நண்பர்கள் எல்லாம் வந்தாக வேண்டும். தொட்டி தன் பங்குக்கு மேல் தின்றுவிட்டால் இன்னொன்றுக்கு இடம் இருக்காது. அந்த கேமில் இடம் கிடைக்காமல் போனவர்கள் சக மனிதர்கள்: ஒரே நேரத்தில் சுமார் 20 பேரைத்தான் திரையில் காட்ட முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடி வாழ்வதற்கென்று கட்டிய உலகத்தில் இருபது பேர்!

இது திறமைக் குறைவால் நேர்ந்ததல்ல. இடம் மாறிய திறமையால் நேர்ந்தது. அந்த கேமுக்கு அடித்தளமாக இருந்த மென்பொருள் ‘ஃபைனல் ஃபேண்டஸி 13’ என்ற தனியாள் விளையாட்டுக்கும் பயன்பட்டது. அதில் சண்டைக்கு இறங்குவது மூவர் அணி. எந்த அறையில் எத்தனை எதிரிகள், கேமரா எங்கே திரும்பும் என்பதெல்லாம் உருவாக்குநரின் கையில். அங்கே ஒரு தொட்டியை இழைத்து இழைத்துச் செய்யலாம். ஆன்லைன் கேமில் அந்தக் கணக்கு செல்லாது. இன்று மாலை சந்தைத் தெருவில் எத்தனை பேர் கூடுவார்கள் என்று எந்தக் கலைஞருக்கும் தெரியாது.

கூட்டம் கூடும்போது சுமை எப்படி ஏறுகிறது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். இருபது பேர் ஓரிடத்தில் நின்றால், ஒவ்வொருவருடைய அசைவும் மற்ற பத்தொன்பது பேருக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு சுற்றுக்கு 380 தகவல்கள். நூறு பேர் நின்றால் 9,900. ஆள் ஐந்து மடங்குதான். சுமையோ 26 மடங்கு. யார் யாருக்கு எது தெரிய வேண்டும், எது தெரியாவிட்டால் பாதகமில்லை என்று வடிகட்டுவதில்தான் ஆன்லைன் கேம் பொறியியலின் பாதி உயிர் இருக்கிறது.

மீதிப் பாதி தாமதத்தைச் சமாளிப்பது. முதல் பதிப்பின் சர்வர்கள் ஜப்பானில் இருந்தன. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லண்டனிலிருந்து டோக்கியோ நேர்கோட்டில் ஏறத்தாழ 9,600 கிலோமீட்டர். போய் வர 96 மில்லி நொடி. இயற்பியல் இதற்குக் கீழே இறங்க விடாது. கேபிள்கள் நேர்கோட்டில் போவதுமில்லை, வழியில் எத்தனையோ சந்திப்புகளில் தகவல் நின்று நின்று போகிறது. ஆகவே நடைமுறையில் இது 200 மில்லி நொடியைத் தாண்டிவிடும். வாளை ஒரு முறை வீசுவதற்கு இந்தத் தாமதம் பெரிதல்ல. ஆனால் முதல் பதிப்பில் பையைத் திறப்பது, பொருளைத் தேர்ந்தெடுப்பது, உடை மாற்றுவது என்று மெனுவின் ஒவ்வொரு படியும் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. ஏமாற்று வேலையைத் தடுக்க, முடிவு சர்வரிடம் இருக்க வேண்டும் என்பது சரிதான். அடி பட்டதா, பணம் கைமாறியதா என்று சர்வர்தான் சொல்ல வேண்டும். மெனு திறப்பதற்கு எதற்கு அனுமதி?

இன்னும் சில முடிவுகள் இயந்திரக் கோளாறே அல்ல, மனிதர்கள் யோசித்துச் செய்தவை. வாரத்தில் எட்டு மணி நேரத்துக்குமேல் கதாபாத்திரத்தின் ஒரே வகுப்பில் விளையாடினால், கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் படிப்படியாகத் தேய்ந்து, பதினைந்தாவது மணியில் பூஜ்யமாகிவிடும். குறைந்த நேரம் விளையாடுபவர்கள் பின்தங்கிவிடக் கூடாது என்ற நல்லெண்ணமாம். மாதச் சந்தா கேட்கும் ஒரு கேம், ஆசையாக வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து ‘இந்த வாரத்துக்குப் போதும்’ என்று சொல்வதை என்னால் எந்தக் கோணத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

2010 செப்டம்பர் 30-இல் கணினியில் வெளியான கேம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பிளேஸ்டேஷன் 3 பதிப்பு அடுத்த மார்ச்சில் வருவதாக இருந்தது. டிசம்பர் 10-ஆம் தேதி நிறுவனத் தலைவர் யோய்ச்சி வாடா மன்னிப்புக் கேட்டார், கன்சோல் பதிப்பு காலவரையறையின்றித் தள்ளிப்போடப்பட்டது, தயாரிப்பாளர் மாற்றப்பட்டார். புதிதாக வந்த யோஷிடாவுக்கு அப்போது வயது 37. ‘டிராகன் குவெஸ்ட் 10’ குழுவில் இருந்தவர், ஆன்லைன் கேம்களைப் பல ஆண்டுகள் தாமே மூழ்கி ஆடியவர். தயாரிப்பாளர், இயக்குநர் இரண்டு நாற்காலிகளும் அவருக்கே. சந்தா வசூலும் நின்றது. 2012 ஜனவரிவரை திரும்ப வரவில்லை.

அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன: இருப்பதை ஒட்டுப்போட்டுக் கரை சேர்ப்பது, அல்லது மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. அவர் இரண்டையும் ஒன்றாகச் செய்யத் துணிந்தார். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டும் வேலை அது. பழைய உலகில் மிஞ்சியிருந்தவர்களுக்காகத் திருத்தங்கள் தொடர்ந்து வந்தன. வாரத்துக்கு இத்தனை மணிதான் என்ற களைப்புக் கணக்கு ஒழிந்தது. 2011 ஜூலையில், ஒவ்வோர் அடிக்கும் பொத்தானை அழுத்த வேண்டிய தொல்லை போய்த் தானியங்கித் தாக்குதல் வந்தது. இன்னொரு பக்கம் புதிய கிராபிக்ஸ் எஞ்சின், புதிய சர்வர் அமைப்பு, புதிய நிலப்பரப்பு எல்லாம் அடியிலிருந்து எழுந்தன. தயாரிப்பாளர் கடிதங்கள் என்ற பெயரில் யோஷிடா எதைத் தூக்கி எறிகிறார், எதை வைத்துக்கொள்கிறார் என்று தொடர்ந்து எழுதினார்.

தூக்கி எறிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே. அதைத் தந்தது, தள்ளிப்போடப்பட்ட அந்த கன்சோல்தான் என்பது என் கணிப்பு. பிளேஸ்டேஷன் 3 வெளியானது 2006-இல். அதன் மொத்த நினைவகம் 512 எம்பி; அதிலும் பாதி பொதுவேலைக்கு, பாதி படம் வரைவதற்கு என்று தனித்தனிக் கூறுகள். இன்று 4 ஜிபி நினைவகமுள்ள ஒரு மலிவு போனில் இதைப்போல் எட்டு மடங்கு இருக்கிறது. கணினிக்கு எழுதுபவர் ‘இன்னும் நல்ல கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று தட்டிக்கழிக்கலாம். கன்சோலில் அந்தச் சாக்கு எடுபடாது. ஒவ்வொரு தொட்டிக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

அப்படிக் கணக்குப் பார்த்ததில் பலவும் மாறின. எங்கும் தடையின்றி விரிந்த பழைய நிலப்பரப்பில், ஒரே பாறையும் ஒரே வளைவும் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டின. புதியதில் நிலம் தனித்தனி வட்டாரங்களானது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது சற்றுக் காத்திருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் வந்தது. பொருள் வாங்க ஆளாளுக்கு நிறுத்தியிருந்த பணியாளர் உருவங்களிடம் நடந்து நடந்து விசாரித்த சந்தை போய், தேடிப் பார்த்து வாங்கும் ஒரு பலகை வந்தது. அத்தனை உருவங்களை வரையும் செலவும் மிச்சம். வட அமெரிக்க, ஐரோப்பிய வீரர்களுக்குக் கனடாவின் மான்ட்ரியலில் தனி சர்வர் மையம் அமைந்தது. இயற்பியலோடு மல்லுக்கட்டாமல் தூரத்தையே குறைப்பது எத்தனை எளிய தீர்வு!

எனக்குப் பிடித்த மாற்றம் கட்டுப்பாட்டுக் கருவியில் நடந்தது. கணினிக்காரர்களும் கன்சோல்காரர்களும் ஒரே சர்வரில், ஒரே அணியில் சண்டையிட வேண்டும். ஒருவர் விரலடியில் நூறு விசைகள், இன்னொருவர் கையில் விரல்விட்டு எண்ணும் பொத்தான்கள். தீர்வு இதுதான்: கன்சோல் கருவியின் தோள் விசை இரண்டில் ஒன்றை அழுத்திப் பிடித்தால், இடப்பக்கத் திசைப் பொத்தான்கள் நான்கும் வலப்பக்கப் பொத்தான்கள் நான்கும் எட்டுத் திறன்களாக மாறும். மற்றதைப் பிடித்தால் இன்னோர் எட்டு. கண்ணை எடுக்காமல் பதினாறு திறன்கள் கையில். போதாததற்கு, ஒரு முக்கியத் திறனைப் பயன்படுத்தினால் அடுத்ததற்கு அடிப்படையாக 2.5 நொடி இடைவெளி. அவசரக்காரர்கள் இதை மந்தம் என்பார்கள். ஆனால் அந்த இடைவெளிக்குள் கட்டைவிரலின் தயக்கமும் கேபிளின் தாமதமும் சேர்ந்து ஒளிந்துகொள்கின்றன.

பழைய உலகை எப்படி மூடினார்கள் என்பதும் சுவையானது. வானத்தில் தலாமுட் என்ற சிவப்பு நிலா மாதக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11-இல் சர்வர்கள் அணைந்தன. தொடர்ந்து வந்த காட்சியில் நிலா பிளந்து, உள்ளிருந்து பாஹமூட் என்ற டிராகன் வெளிப்பட்டு எல்லாவற்றையும் எரித்தது. புதிய கேமின் கதை அதற்கு ஐந்தாண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. நிலம் உருமாறியதற்குக் கதையே காரணம் சொல்லிவிட்டது. பழைய வீரர்களின் கதாபாத்திரங்களும் காலம் தாண்டிக் கூடவே வந்தன.

எல்லோரும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ 2014 ஏப்ரலில் கணினியில் வந்து தடுமாறியது. அதே ஆண்டு ஜூனில் வரவிருந்த கன்சோல் பதிப்பு ஓராண்டு தள்ளிப்போய் 2015 ஜூன் 9-இல் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் அஸ்திவாரத்தை அப்படியே விட்டுவிட்டுத் திருத்திக்கொண்டே போனார்கள். மார்ச்சில் மாதச் சந்தாக் கட்டாயத்தையும் கைவிட்டார்கள். அங்கே அஸ்திவாரம் தாங்கியது, இங்கே தாங்கவில்லை.

‘ஃபைனல் ஃபேண்டஸி 14: எ ரெல்ம் ரீபார்ன்’ 2013 ஆகஸ்ட் 27-இல் கணினியிலும் பிளேஸ்டேஷன் 3-இலும் ஒன்றாக வெளிவந்தது. இம்முறை பிரச்சினை நேரெதிர். உள்ளே நுழைய முடியாத அளவுக்குக் கூட்டம். டிஜிட்டல் விற்பனையையே சில நாள் நிறுத்திவைத்தார்கள்.

ஒழுங்கைக் கற்றுத் தந்த பிளேஸ்டேஷன் 3, நாளடைவில் கழுத்துச் சுமையானது. பையில் இன்னும் இடம் கொடுங்கள் என்று வீரர்கள் கேட்கும்போதெல்லாம், அந்தப் பழைய கன்சோலின் நினைவகம் குறுக்கே நின்றது. 2017 ஜூனில், ‘ஸ்டார்ம்பிளட்’ விரிவாக்கம் வந்தபோது அதற்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. அதை வைத்திருந்தவர்கள் கட்டணமின்றி பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு மாறிக்கொள்ள வழி செய்யப்பட்டது. வீரர்களின் பை 100 இடங்களிலிருந்து 140 ஆனது.