மண்பாண்டத்தில் ஓர் உறுதி

சில ஆண்டுகளுக்கு முன்னர், நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை வழங்குவதற்காக அவரது இல்லம் சென்றிருந்தேன். செபம் நிறைவுற்றதும், வீட்டுப் பீடத்தில் மாதாவின் சுரூபத்துக்குப் பின்னால் இருந்த பொலித்தீன் பை ஒன்றை எடுத்துத் தருமாறு கேட்டார். அதனுள்ளே, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த பழைய காணி உறுதி ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது அவர் கையோடு எடுத்துவந்தது அது. காணியோ அன்றும் முள்வேலிக்கு அப்பாலேயே கிடந்தது.

“சுவாமி, பிள்ளையளில மூன்று பேர் வெளிநாட்டில. நானும் போற வயசு. இதை இனி வைச்சிருந்து என்ன பிரயோசனம்?” என்று கேட்டார்.

‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று கூறி விடைபெற்றேன். அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. அன்றிரவு இறைவாக்கினர் எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தைத் திறந்தேன்.

கி.மு. 587ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது அது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகர் வீழும் என்று அறிவித்த குற்றத்துக்காக, எரேமியா அரண்மனைக் காவல்கூட முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவரது தந்தையின் உடன்பிறந்தவருடைய மகன் அனமேல் வந்து, அனத்தோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறார். நாடே கைநழுவிப் போகும் வேளையில் நிலம் வாங்குவோர் உண்டா? ஆனால், இது ஆண்டவரின் விருப்பம் என்று உணர்ந்த எரேமியா, 17 வெள்ளிச் செக்கேல்களை நிறுத்துக் கொடுக்கிறார். அது ஏறக்குறைய 200 கிராம் வெள்ளி. சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதி முத்திரையிடுகிறார். நீண்ட காலம் அழியாதிருக்கும்படி அதனை மண்பாண்டம் ஒன்றில் வைக்குமாறு பாரூக்கிடம் ஒப்படைக்கிறார். இந்நாட்டிலே மக்கள் மீண்டும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்குவார்கள் என்ற பெருங்கனவுக்கு அந்த மண்பாண்டமே அடையாளம்.

அன்பான வாசகர்களே, கனவுகளை மனத்தில் மட்டும் வைத்திருந்தால் அவை நாளடைவில் மங்கிவிடுகின்றன. கையால் தொடக்கூடிய ஒரு பொருள் அவற்றை நம் கண்முன் நிறுத்துகின்றது. ஆயினும் எல்லாப் பொருளும் அடையாளமாகிவிடுவதில்லை. எரேமியாவின் செயலில் மூன்று உண்மைகளைக் காண்கிறோம்.

முதலாவது, அவர் விலை கொடுத்தார். நம்மிடமிருந்து எதையும் கேளாத கனவு வெறும் ஆசையே. இரண்டாவது, அவர் சாட்சிகளை வைத்துக்கொண்டார். குடும்பத்தாரும் அறிந்த கனவை நாம் சோர்ந்துபோகும் நாளில் அவர்கள் நினைவூட்டுவார்கள். மூன்றாவது, அவர் அதைக் காலத்திடம் ஒப்படைத்தார். உறுதியைக் கொடுத்த பின்னர் அவருக்கும் கலக்கம் உண்டாயிற்று. நகர் பகைவர் கையில் விழும்போது நிலம் வாங்கச் சொன்னது ஏன் என்று இறைவனிடமே மன்றாடினார். நம்பிக்கை உள்ளவரிடமும் கேள்விகள் எழும்.

எரேமியா அந்த நிலத்தில் குடியமர்ந்ததாக விவிலியம் கூறவில்லை. பின்னாளில் அவரை எகிப்துக்கே கொண்டுசென்றனர். ஆனால் கி.மு. 538இல் பாரசீக மன்னர் சைரசு அனுமதியளித்த பின்னர் தாயகம் திரும்பியோரின் பட்டியலை எஸ்ரா நூலில் பாருங்கள். அனத்தோத்தைச் சேர்ந்தோர் 128 பேர் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது! கனவு கண்டவர் இல்லை. கனவு ஊர் திரும்பிற்று.

இன்னொன்றையும் மறத்தலாகாது. பாலைநிலத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பு குணமளிக்கும் இறைவனின் அடையாளமாயிருந்தது. பிற்காலத்தில் மக்கள் அதற்கே தூபங்காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா அரசர் அதை உடைத்தெறிந்தார். பொருளைப் பேணிக்கொண்டு, அது சுட்டிய நோக்கத்தைக் கைவிடுவோமானால் நம் வீட்டு அடையாளங்களுக்கும் அதே நிலைதான்.

நம் குழந்தைகளின் திருமுழுக்கின்போது பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றித் தரப்பட்ட மெழுகுதிரி இப்போது எங்கே இருக்கிறது? அந்தப் பிள்ளையைப் பற்றி இறைவனும் பெற்றோரும் கண்ட கனவின் அடையாளம் அல்லவா அது? பெரும்பாலும் அது அலுமாரியின் மூலையில் வளைந்து கிடக்கும். ஆண்டுதோறும் திருமுழுக்கு நாளில் அதை ஏற்றி, அந்தக் கனவைப் பிள்ளையோடு பேசலாமே.

இரு வாரங்களின் பின்னர் அந்த மூதாட்டியிடம் மீண்டும் சென்று, எரேமியாவின் மண்பாண்டத்தைப் பற்றிக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், உடன் வாழ்ந்த பேத்தியை அழைத்து உறுதியை உரக்க வாசிக்கச் சொன்னார். தான் ஒருநாளும் காணாத நிலத்தின் பரப்பையும் நான்கு எல்லைகளையும் கிணற்றுப் பங்கையும் அந்தச் சிறுமி தட்டுத்தடுமாறி வாசித்தாள். எல்லையில் நின்ற அயலவர் யார் யார் என்று பாட்டி இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தார்.

காணிப் பத்திரத்தை ‘உறுதி’ என்றே நம்மவர் அழைக்கின்றனர். இறைவன் தரும் உறுதியும் ஒரு தலைமுறையோடு முடிவதன்று. உங்கள் வீட்டில் அத்தகைய பொருள் எது? இந்த ஞாயிறு மாலைச் செபத்தின்பின் அதை எடுத்து வைத்து, அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.